ஜவ்வரிசியும் வெளித்துணையும்

சேலத்தினின்று கிழக்கே ஆத்தூர் செல்லும் சாலையிலேனும், தெற்கே மல்லூர், இராசிபுரம் வழியாக நாமக்கல் செல்லும் சாலையிலேனும், மாசி பங்குனித் திங்கள்களில் பயணம் செய்வோர் ஒரு காட்சியைக் காணாதிருத்தல் இயலாது. பரந்த களங்களிலே வெண்மணிகள் வெயிலிற் காய்ந்து கிடக்கும். ஆண்களும் பெண்களும் அவற்றைக் காலாலும் பலகையாலும் கிளறிவிட்டுக்கொண்டிருப்பர். அருகில், குச்சிக்கிழங்கு ஏற்றிய வண்டிகள் ஆலை வாயிலில் வரிசையாக நிற்கும். இவ்வெண்மணிகளே ஜவ்வரிசி என்பதை நம் மாணவர் அனைவரும் அறிவர். அவருள் பலர், அக்கிழங்கை விளைவிக்கும் குடும்பங்களினின்றே நமது கல்லூரிக்கு வந்தவர்.

ஆயினும், இம்மணிகள் யாருக்காகச் செய்யப்படுகின்றன என்று வினவின் விடை எளிதன்று. நாம் இதனைப் பாயசத்திற்கும் வடகத்திற்கும் சிறிதளவே பயன்படுத்துகின்றோம். பெரும்பகுதி மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், வங்காளம் முதலிய நாடுகளுக்குச் செல்கின்றது. மகாராஷ்டிரத்தில் நோன்பு நாட்களில் தானியம் உண்ணாதார், கிழங்கினின்று வந்ததாகலின் இதனைக் கிச்சடியாகவும் வடையாகவும் சமைத்து உண்பர். ஆத்தூரில் ஆலை நடத்துபவர் அந்நோன்பை நோற்பவரல்லர். புனாவில் அதனைச் சமைக்கும் பெண்மணியை அவர் கண்டதுமில்லை. உண்போரை அறியாமலே உண்பொருள் செய்யும் இந்நிலையிலிருந்து எழுவதே நாம் இக்கட்டுரையில் ஆராயப் புகுந்த பொருள்.

ஒரு பண்டத்தைச் செய்தல் வேறு; அப்பண்டத்தைப் பேணி வளர்த்தல் வேறு. யார் இதனை வாங்குவர், எதற்காக வாங்குவர், எத்தரம் வேண்டுவர், என்ன விலை கொடுப்பர், எப்பொழுது மிகுதியாகக் கேட்பர், அடுத்த ஆண்டு இதில் எதனை மாற்றல் வேண்டும் என்னும் வினாக்களை இடைவிடாது கேட்டு, விடை கண்டு, அவ்விடையைச் செய்வோர்க்கும் விற்போர்க்கும் எடுத்துரைத்து ஒருமைப்படுத்துவதே பின்னது. இதனை இக்காலத்து வணிகர் புராடக்ட் மானேஜ்மெண்ட் என வழங்குவர். நாம் பண்டப் பரிபாலனம் என்போம்.

இத்தொழில் தனித்ததோர் உத்தியோகமாக உருக்கொண்டதற்கு ஒரு வரலாறு கூறப்படும். 1931-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பிராக்டர் அண்டு காம்பிள் என்னும் சவர்க்கார நிறுவனத்திலே, நீல் மெக்கெல்ராய் என்னும் இளைஞர் கேமே என்னும் சவர்க்காரத்தின் விற்பனையைக் கவனித்து வந்தார். அதே நிறுவனத்தின் ஐவரி சவர்க்காரமோ புகழ் மிக்கது. அதன் நிழலிலே கேமே வாடிற்று. அவர் தம் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு வரைந்தார். ஒவ்வொரு பண்டத்திற்கும் அதன் நன்மை தீமை முழுவதையும் தம் தலைமேற் கொள்ளும் ஒருவரும், அவர்க்குத் துணையாகச் சிலரும் இருத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். பிற்காலத்தே மெக்கெல்ராய் அந்நிறுவனத்தின் தலைவராகி, அமெரிக்க அரசாங்கத்தின் பாதுகாப்பு மந்திரியாகவும் விளங்கினார். அவர் காட்டிய வழி சவர்க்காரத்தினின்று பிற பண்டங்களுக்கும், பின்னர்க் கணிப்பொறி மென்பொருளுக்கும் பரவிற்று.

நிற்க. பெரிய நிறுவனம் இத்தகைய குழுவைத் தானே அமைத்துக்கொள்ளும். சிறியது யாது செய்யும்? திறமையுள்ளாரை ஆண்டு முழுவதும் சம்பளங் கொடுத்து வைத்திருக்க அதற்கு வலியில்லை. அவரின்றி நடக்கவும் இயலவில்லை. ஆகவே வெளியாரின் துணையை நாடுகின்றது. அத்துணை பொதுவாக நான்கு வகைப்படும். முதலாவது, வெளியார் வந்து இருப்பதை ஆராய்தல்: யார் எதனை முடிவு செய்கின்றார், எந்த வேலை எங்கே தேங்குகின்றது என்று கண்டு கூறுதல். இரண்டாவது, நிலையான ஆள் கிடைக்கும் வரையில் அனுபவமுள்ள ஒருவரை இரவலாகத் தருதல். மூன்றாவது, வாங்குவோரிடம் சென்று அவர் கருத்தை அறிந்து வருதல். நான்காவது, வீட்டில் உள்ளாரையே பயிற்றித் தகுதியாக்குதல். இந்நான்கினுள்ளும் கடைசியானதே தலையாயது என்பது நமது கருத்து. இதனை ஜவ்வரிசியின் வரலாறு கொண்டே காட்டுவோம்.

மரவள்ளி நம் நாட்டுச் செடியன்று, தென்னமெரிக்காவிலே தோன்றியது. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை அரசாண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதனை மக்களிடையே பரப்பினார். சேலத்து நிலங்களிலும் அது குச்சிக்கிழங்கு என்னும் பெயரால் வேரூன்றியது. ஆனால் அதனை ஜவ்வரிசியாக்கும் வித்தையை நம்மவர் அறியார். தொடக்கத்தில் ஜவ்வரிசி என்பது கீழ்த்திசைத் தீவுகளில் ஒருவகைப் பனையின் மாவினாற் செய்யப்பட்டது. பின்னர் மரவள்ளி மாவினாலும் செய்யப்பட்டு மலேயாவினின்றும் ஜாவாவினின்றும் கப்பலில் வந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில், 1942-ஆம் ஆண்டு சிங்கப்பூரும் ஜாவாவும் ஜப்பானியர் கைப்பட்டன, அவ்வரவும் நின்றது.

அச்சமயத்தில் நிகழ்ந்ததைத் தொழிலார் இவ்வாறு கூறுவர். சேலத்து வணிகராகிய மாணிக்கம் செட்டியார், கேரள நாட்டுத் தொடர்பினால் மரவள்ளி மாவின் பயனை அறிந்தவர். பினாங்கினின்று வந்திருந்த போபட்லால் ஷா என்பவர், ஜவ்வரிசி செய்யும் முறையை அங்கே கண்டவர். இருவரும் கூடி 1943-ஆம் ஆண்டளவில் சேலத்தில் அத்தொழிலைத் தொடங்கினர். முறைகள் முதலிற் கரடுமுரடாக இருந்தன. அப்பொழுது வேங்கடாசலக் கவுண்டர் என்னும் உள்ளூர் இயந்திரத் தொழில் வல்லார் அரைக்கும் பொறி முதலியவற்றைத் திருத்தியமைத்தார். அதனால் நாளொன்றுக்கு 2 மூட்டையாக இருந்த உற்பத்தி 25 மூட்டையளவு உயர்ந்ததென்பர்.

இவ்வரலாற்றில் நாம் உற்று நோக்கற்பாலது ஒன்றுண்டு. முதல் அறிவு வெளியிலிருந்து வந்தது, அதில் இழுக்கொன்றுமில்லை. ஆனால் அது வந்தவரோடே நின்றுவிடவில்லை. உள்ளூர்க் கை அதனைப் பற்றிக்கொண்டு மேலும் திருத்திற்று. அக்கை இல்லையாயின், பினாங்கு முறை பினாங்கு முறையாகவே இருந்து மறைந்திருக்கும்.

இனி ஆலையின் உள்ளே செல்வோம். கிழங்கைத் தோலுரித்துக் கழுவி அரைப்பர். பாலை வடிகட்டித் தொட்டிகளிலே தெளியவிடுவர். அடியில் தங்கிய ஈரமாவை உதிர்த்துக் குலுக்கி மணியாக உருட்டுவர். சல்லடையால் அளவு பிரித்து, வறுத்தேனும் ஆவியில் வேகவைத்தேனும் களத்தில் உலர்த்துவர். இவற்றிலெல்லாம் நம்மவர் வல்லவராயினர். ஆத்தூர், இராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் பக்கங்களில் ஆலைகள் பெருகின. ஆனால் மூட்டை கட்டிய பின்னர் யாது செய்வது என்பதில் அவர்கள் வல்லவராகவில்லை. சரக்கைச் சேர்த்து வைக்கக் கிடங்கில்லை. காத்திருக்கக் கையிற் பணமில்லை. தொலைவிலுள்ள சந்தையின் நிலையோ தெரியாது. ஆகவே வியாபாரியும் தரகரும் கூறியதே விலையாயிற்று. விலை குறைந்தபோது ஆலையார் கிழங்கின் விலையைக் குறைத்தனர். பத்துத் திங்கள் பாடுபட்ட உழவர் தலையிலே அச்சுமை இறுதியில் இறங்கிற்று.

இக்குறையைத் தீர்க்கவே 1981-ஆம் ஆண்டில், சேலம் ஸ்டார்ச் மற்றும் ஜவ்வரிசி உற்பத்தியாளர் சேவைத் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மக்கள் இதனைச் சேகோசர்வ் என்று சுருங்க அழைப்பர். இது ஜவ்வரிசி செய்வதில்லை. செய்தவர்க்கு வேண்டிய பிற பணிகளைச் செய்கின்றது. உறுப்பினர் தம் மூட்டைகளைச் சங்கத்தின் கிடங்கில் வைக்கலாம். வைத்த சரக்கின் பேரில் முன்பணம் பெறலாம். மாதிரி எடுத்து ஆய்வுக் கூடத்தில் சோதிக்கப்படும். வணிகர் மாதிரியைக் கண்டு மறைமுக ஏலத்தில் விலை குறிப்பர். முன்னே ஒரு தரகர் காதோடு சொன்ன விலைக்கு மாறாக, பலர் போட்டியிட்டுக் கூறும் விலை கிடைக்கலாயிற்று. அங்கே நிர்ணயமாகும் விலையே வெளிச்சந்தைக்கும் ஓர் அளவுகோலாயிற்று.

இதனை வெளித்துணை என்னலாமோ எனின், ஒருவாறு என்னலாம். தனித்தனி ஆலையை நோக்க, இது வெளியிலுள்ள ஒரு நிலையமே. ஆலை தன்னால் வைத்துக்கொள்ள இயலாத கிடங்குக் காப்பாளரையும், சோதனையாளரையும், விற்பனையாளரையும் இதன் வாயிலாகப் பெறுகின்றது. ஆனால் ஆலைகள் அனைத்தையும் சேர்த்து நோக்க, இது அவர்களது சொந்த வீடே. அந்நியரிடம் கூலி கொடுத்துப் பெறும் துணைக்கும், ஒத்த தொழிலார் கூடித் தமக்கென அமைத்துக்கொள்ளும் துணைக்கும் உள்ள வேற்றுமை இதுவே. முன்னதில் அறிவு கூலியோடு போய்விடவும் கூடும். பின்னதில் அது கூட்டத்தினிடையே தங்குகின்றது.

பண்டத்தின் தரம் ஆலையிலே தொடங்குவதன்று, நிலத்திலே தொடங்குவது. மாவுச்சத்து மிகுந்த கிழங்கே நல்ல ஜவ்வரிசிக்கு ஆதாரம். ஆலை வாயிலில் கிழங்கின் விலையும் அச்சத்தின் அளவாகிய புள்ளியைக் கொண்டே பேசப்படுகின்றது. இங்கும் வெளியார் துணை வேண்டியிருந்தது. திருவனந்தபுரத்தில் 1963-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் தந்த கலப்பு வகைகள் நம் பக்கத்து நிலங்களிலே பரவின. சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருந்து பணி புரிகின்றது.

அண்மையில் நிகழ்ந்த ஒன்று இதனை இன்னும் தெளிவாக விளக்கும். 2020-ஆம் ஆண்டில் கேரளத்துத் திருச்சூர்ப் பக்கத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி என்னும் புதிய பகை முதன்முறையாக இந்தியாவிற் காணப்பட்டது. விரைவிலேயே அது சேலம், நாமக்கல் வயல்களிலும் புகுந்து குருத்துக்களைச் சுருட்டிக் கெடுத்தது. நம்மவர் அதனை முன்பு அறியார். ஆனால் ஆப்பிரிக்க உழவர் அறிவர். 1970-க்குப் பின் அவர் தம் மரவள்ளியை அதே பூச்சி அழித்தபோது, ஹான்ஸ் ஹெர்ரன் என்னும் அறிஞர் தலைமையில் ஆராய்ந்தோர், பூச்சியின் தாயகமாகிய தென்னமெரிக்காவினின்று அதன் இயற்கைப் பகையாகிய ஒரு சிறு குளவியைக் கொணர்ந்து பரப்பி வெற்றி கண்டனர். அப்பணிக்காக ஹெர்ரன் 1995-ஆம் ஆண்டில் உலக உணவுப் பரிசு பெற்றார். அக்குளவியையே 2021-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டினின்று பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிலையத்தார் வருவித்தனர். சோதனைகள் முடிந்த பின், 2022 மார்ச்சுத் திங்களில் ஏத்தாப்பூரில் அது வயலில் விடப்பட்டது. குளவி மாவுப்பூச்சியின் உடலினுள் முட்டையிடும். அதன் குஞ்சு பூச்சியை உள்ளிருந்தே தின்று வெளிவரும்.

உழவர்க்கு வேண்டிய குளவியை ஆண்டுதோறும் பெனினிலிருந்தே தருவிப்பது இயலுமோ? இயலாது. ஆகவே அதனை வளர்க்கும் முறையை இங்குள்ளார் கற்றுக்கொண்டு, இங்கேயே பெருக்கி உழவர்க்கு வழங்குவாராயினர். சிறந்த வெளித்துணையின் இலக்கணம் இதுவே. வந்தது வெளியிலிருந்து, தங்கியது நம் மண்ணில்.

மூன்றாவது துணை சட்டத்தின் வழியாக வந்தது. சேகோசர்வ் செய்த விண்ணப்பத்தின் மேல், 2023-ஆம் ஆண்டில் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. இனி இப்பெயரை வேற்றூர்ச் சரக்கின்மேல் இடுதல் குற்றமாகும். கேமே சவர்க்காரத்திற்கு ஒரு பெயரும் அப்பெயரைக் காப்பவரும் வேண்டியிருந்தது போலவே, சேலத்து மணிக்கும் ஒரு பெயரும் காவலும் கிடைத்தன.

இத்துணை உதவிகளும் பெற்ற பின்னர்க் குறையொன்றும் இல்லையோ எனின், உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. மரவள்ளி மாவோடு மலிவான மக்காச்சோள மாவைக் கலத்தலும், மிக்க வெண்மை வேண்டி இரசாயனப் பொருள்களைச் சேர்த்தலும் சில ஆலைகளில் நிகழ்வதாக உழவரும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும் பலமுறை எடுத்துக் காட்டியுள்ளனர். ஆலைகள் யாவும் தம் சரக்கு முழுவதையும் சங்கத்தின் வழியே விற்பனவுமல்ல. இவற்றால் இழப்பவர் யாவர்? சோள மாவு ஒரு மூட்டை உள்ளே நுழைந்தால், அதற்கு ஈடான கிழங்கு நிலத்திலே விலையின்றி நிற்கும். கலப்படம் வெளிப்பட்டால், நோன்புணவாகத் தூய்மை கருதி வாங்குபவர் நம்பிக்கை இழப்பர். பின்னர் நேர்மையாக நடத்துபவரின் மணியும் ஐயத்திற்கிடமாகும்.

இக்குறையை எந்த வெளித்துணையும் தானே தீர்த்துவிட முடியாது. சோதனைக்கூடம் கலப்படத்தைக் கண்டுபிடிக்கும். கலவாதிருக்கும் மனத்தை அது தராது. குறியீடு பெயரைக் காக்கும். பெயருக்குத் தக்க சரக்கைச் செய்யாது. வாங்குவோர் எதனை விரும்புகின்றார் என வெளியார் அறிந்து வந்து கூறலாம். அவர் விரும்பும் வெண்மையை எவ்வழியால் தருவது, எதனைத் தர மறுப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் ஆலைக்கு உரியவரே. பண்டப் பரிபாலனத்தில் பிறரிடம் ஒப்படைக்கத் தக்கவை பலவுண்டு. முடிவும் பொறுப்பும் ஒப்படைக்கத் தக்கனவல்ல.

ஆதலின் வெளித்துணை கொள்வார் சிலவற்றை மனத்தில் இருத்தல் நலம். துணைவர் வருமுன்னரே நமக்கு வேண்டுவது யாதென எழுதிக்கொள்ளல் வேண்டும். நோயறியாதார்க்கு மருத்துவர் பலர் வரினும் பயனில்லை. வந்தவரோடு நம் வீட்டு இளைஞர் ஒருவரேனும் நாள்தோறும் உடனிருத்தல் வேண்டும். இல்லையாயின் அவர் தரும் அறிக்கை பெட்டியிலேயே உறங்கும். வந்தவர் கூறுவதில் கசப்பு இருப்பினும் கேட்கப் பழகல் வேண்டும். கூலி கொடுப்பவரைப் புகழ்ந்துவிட்டுச் செல்லும் துணை வீண் செலவே. அவர் போகும் நாளையும் முன்னரே குறித்தல் வேண்டும். போகும் நாளில்லாத துணை நாளடைவில் ஊன்றுகோலாகிவிடும். கடைசியாக, அவர் சென்ற பின் ஓராண்டு கழித்து, அவரின்றி நம்மால் செய்ய இயல்வது யாது என வினவிப் பார்த்தல் வேண்டும். விடை ஒன்றுமில்லையாயின், நாம் அறிவை வாங்கவில்லை. வாடகைக்கு எடுத்தோம் என்றே கொள்க.

வள்ளுவர் பொருட்பாலிலே பெரியாரைத் துணைக்கோடல் என ஓர் அதிகாரம் வகுத்தார். தன்னினும் அறிந்தாரைத் தனக்குத் துணையாகக் கொள்ளுதல் ஆள்வோர்க்கு வலிமையே அன்றிக் குறையன்று என்பது அதன் கருத்து. தன் கையே தனக்குதவி என்னும் பழமொழியும் நம்மிடையே உண்டு. இரண்டும் முரணாகத் தோன்றினும் முரணல்ல. துணையை நாடுக, நாடிப் பெற்றதைத் தன் கைக்கு உரியதாக்குக என்பதே இரண்டையும் சேர்த்துப் படிப்பார் கொள்ளும் பொருள்.

மாணவ அன்பர்களே! உங்களிற் சிலர் பட்டம் பெற்றபின் சென்னையிலோ பெங்களூரிலோ பெரிய நிறுவனங்களில் இத்தொழிலே புரியலாம். அயல்நாட்டார் பண்டத்திற்கு நீங்களே வெளித்துணையாகவும் ஆகலாம். அது நன்றே. ஆனால் உங்கள் தந்தையார் கிழங்கை ஏற்றிக்கொண்டு ஆலை வாயிலில் புள்ளி குறிக்கும் வரையில் காத்து நிற்கின்றார் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். அவ்வாலைக்கு வாங்குவோரின் மனத்தை எடுத்துரைக்க, தரத்தை அளந்து காட்ட, கலப்படம் ஆகாதென்று துணிந்து கூற, படித்த ஓர் ஆள் வேண்டும். பெற்ற தாலந்தைப் புதைத்து வைத்தவன் கதையை நாம் சிற்றாலயத்திலே கேட்டிருக்கின்றோம். கற்றதை ஊருக்கு வெளியே மட்டும் செலவிடுவதும் ஒருவகையில் புதைத்தலே.

களத்திலே காயும் மணி ஒவ்வொன்றும் சிறிது. உழவர் உழைப்பும், ஆலையார் நாணயமும், தொலைவிலுள்ள ஒரு குடும்பத்தின் நோன்பும் அதனுள்ளே ஒன்றாக உருண்டிருக்கின்றன. அவற்றை ஒன்றாகவே கண்டு பேணும் கண் நம் ஊரிலேயே உண்டாகுமாயின், வெளித்துணை தன் பணியை முடித்தது என்று நாம் மகிழலாம்.